மைனஸ் பதினெட்டு

குளிர் பெட்டியின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. உறைந்த இறைச்சி ஏற்றிய கன்டெய்னர் சொட்டக் கூடாது. துறைமுகத்தில் இந்தப் பெட்டிகளைக் கவனிக்கும் மெக்கானிக்குக் காலை வெயிலிலும் உடம்பு சில்லிட்டது.

பெட்டியின் கரன்ட் பிளக் தரையில் கிடந்தது. பக்கத்துப் பெட்டியை அதே பாயின்டில் மாட்டிச் சோதிக்க மூன்று நாள் முன்பு அவன்தான் கழற்றினான். திரும்ப மாட்ட மறந்துவிட்டான். அதற்கப்புறம் ஷிப்டுக்கு ஷிப்ட் ஏணி ஏறிக் குளிர் அளவு பார்க்க வேண்டியவன், கேபினில் உட்கார்ந்தபடியே ‘மைனஸ் பதினெட்டு’ என்று எழுதித் தள்ளினான். எல்லாரும் செய்வதுதான்.

கதவில் சீல் இருந்தது; திறக்க முடியாது. குனிந்து வடிகால் துளையில் மூக்கை வைத்தான். சாக்கடையும் செத்த எலியும் கலந்த வாடை, அதற்கு மேல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தித்திப்பு, உள்ளே இருட்டில் அரிசி புடைப்பது போல ஓயாத சரசரப்பு. துளை வழியாக ஒரு வெள்ளைப் புழு அவன் கன்னத்தில் விழுந்து நெளிந்தது. வாந்தி எடுத்தான்.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“லாரி நாளைக்கு வருதுப்பா. ஊர்ல ஒரு கறிக்கடையிலயும் சரக்கு இல்ல. எல்லாம் சரியா இருக்கா?”

“மைனஸ் பதினெட்டுண்ணே.”

பிளக்கை மாட்டினான். தரையைக் கழுவினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறுநாள் பெட்டி கல்லாக உறைந்து, லாரி ஏறி ஊருக்குள் போனது.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து ஆள் ஏப்பம் விட்டார். அதே வாடை. முன்சீட்டுப் பெண் கொட்டாவி விட்டாள். அதே தித்திப்பு. பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடினான்.

மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கறி.

“துப்பு!”

“ஏம்பா?”

“கெட்டுப்போன கறி. துப்புடி!”

மனைவி கரண்டியோடு திரும்பினாள். “இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன். கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சொன்னால் வேலை போகும். ஜெயில். ஊரே காறித் துப்பும். “வாடை அடிக்குது,” என்றான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“நல்லாத்தான்பா இருக்கு. பாருங்க.”

மகள் நாக்கை நீட்டினாள். மென்ற கறி. வெந்த கறி. அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு தலை எழுந்தது. இன்னொன்று.

வாயை மூடினாள். மென்றாள்.

விழுங்கினாள்.