நேராக நின்ற நான்கு திருகுகள்

"நாளைக்குள்ள பதில் சொல்லலேன்னா, திருட்டு வண்டின்னு பிடிச்சு வச்சுக்குவாங்களாம் சார்!"

தண்ணீர் லாரிக்கார அம்மாள் உட்காரக்கூட இல்லை. இராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்திருந்தாள். பச்சை நிறத்தோடு பதிவு செய்ய மாட்டார்கள் என்று நீலம் அடித்துப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், இராணுவம் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழில் ஓர் எண், வண்டிக்குள் இருந்த தகட்டில் வேறு எண்! திங்கட்கிழமை முதல் மருத்துவமனைக்குத் தண்ணீர் ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"பெயிண்ட் அடிச்சது யாரு?" என்றார் துப்பறிவாளர்.

"என் கொழுந்தன். ரெண்டு நாளா என் முகத்தையே பாக்க மாட்டேங்கறான்."

துப்பறிவாளரின் மாப்பிள்ளைக்குக் கை பரபரத்தது. மாமனாரிடம் உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு மாதமாயிற்று; ஒரு திருடனைக்கூட அவன் பிடித்தபாடில்லை.

கொழுந்தனின் பட்டறைக் கதவில் பெயர்ப்பலகை. அதன் நான்கு திருகுகளிலும் தலைக்கோடுகள் பிசகாமல் செங்குத்தாக நின்றன. தரையில் நீலச் சொட்டுகள், பக்கத்திலேயே மஞ்சள். கொழுந்தன் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டியையே மாத்திட்டான் மாமா," என்று காதைக் கடித்தான் மாப்பிள்ளை.

துப்பறிவாளர் உள்ளே நின்ற நீல லாரியருகே மண்டியிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் அடிச்சட்டத்தில் தடித்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். இரும்பில் பொறித்த எண் தெரிந்தது. சான்றிதழில் இருந்த அதே எண்!

"வண்டி அம்மாவோடதுதான். தகடுதான் வேற."

வண்டிக்குள் ஏறினார். தகட்டின் நான்கு திருகுகளிலும் கோடுகள் செங்குத்தாக நின்றன. கழற்றினார். அடியிலும் நீலம்.

"பெயிண்ட் அடிச்ச பிறகு மாட்டியிருக்கு! இவன்தான் மாமா!"

"இவர்தான். ஆனா திருட வந்தவன் இவ்வளவு அழகா திருகை நிறுத்துவானா, மாப்பிள்ளை? தகட்டைக் கழட்டாம அதைச் சுத்திப் பெயிண்ட் அடிக்க மனசு வராத வேலைக்காரர் செஞ்சது இது." தகட்டைத் திருப்பினார். பின்புறம் மஞ்சளில் ஒரு கட்டைவிரல் ரேகை. "மஞ்சள் வண்டி எங்க தம்பி?"

கொழுந்தன் பெஞ்சில் சரிந்தான்.

"கல்குவாரிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார் சார். அதே ஏலம், அதே மாதிரி லாரி. ரெண்டு தகட்டையும் ஒரே நாள்ல கழட்டினேன். மாத்தி மாட்டிட்டேன்னு மறுநாளே சந்தேகம். சொன்னா அண்ணி..."

"என்ன, தின்னுடுவேனா?" என்றாள் அவள். "அண்ணியோட வண்டியையே வித்துட்டான்னு உன்னை நினைச்சேன்டா, பாவி!"

"நீங்களா மாத்திடாதீங்க," என்றார் துப்பறிவாளர். "நாளைக்கு ரெண்டு வண்டியையும் பதிவு அலுவலகத்துல பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க. அதிகாரி கண்ணு முன்னாடி மாட்டணும்."

அவள் திருப்புளியை எடுத்துக் கொழுந்தன் கையில் திணித்தாள்.

"நாளைக்கு அங்க நீயே மாட்டு. கோடு கோணலா நின்னாலும் பரவாயில்ல. தகடு என்னோடதா இருந்தா போதும்."