சர்வரை எழுப்புகிறவள்

அந்தப் பொய் அழைப்பு 'தயார்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அன்று போகவில்லை.

கர்ப்பிணிகள் ஆம்புலன்ஸ் கேட்கும் இணையதளம் அது. கூட்டம் கூடினால் பாரம் தாங்கப் புதிய கணினி சர்வர் ஒன்று எழும். எழுந்து எல்லாவற்றையும் நினைவில் ஏற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும் என்பதால், ஜனம் வருமுன்பே ஒரு பொய் அழைப்பு போய் அதைத் தட்டி எழுப்பும். அந்த அழைப்புக்கு, தளத்தைப் பராமரிக்கும் நபுலா தன் தங்கை நெகேசாவின் பெயரை வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில், எழாத சர்வரை மறுபடி மறுபடி கூப்பிட்டபடியே, பிள்ளை வெளியே வராமல் செத்துப்போனவள் நெகேசா.

நைரோபியின் அந்திமழை தகரக் கூரைகளில் இறங்கி, ஈர டீசல் புகையையும் கீழ்க்கடையில் மண்டாசிப் பணியாரம் பொரிக்கும் எண்ணெய் வாடையையும் ஜன்னல் வழியே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னொரு வாடை. ரத்தத்தின் இரும்பு வாடை.

திரையில், நெகேசாவின் பெயருக்குக் கீழே, யாரும் எழுதிவைக்காத ஒரு வரி: "வண்டி எங்க வருது?"

மேலாளர் ஒதேரா எட்டிப் பார்த்தார். "எவனோ விளையாடுறான். எல்லாத்தையும் அணைச்சுட்டுக் கிளம்பு தாயி. இனிமே மட்டாட்டு பஸ் கிடைக்காது, நீந்தித்தான் போகணும்."

"அணைச்சா, இந்த மழையில வலி எடுத்தவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

"அப்ப அந்தப் பொய் அழைப்பையாவது எடுத்துடு."

"எடுத்தா சர்வர் தூங்கித் தூங்கி லேட்டாத்தான் எழும். மாட்டேன் சார்."

"பிடிவாதத்துக்குப் பொறந்தவ! பேய்க்கும் சம்பளம் கேட்டு வந்து நிக்காதே." சிரித்தபடி போனார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

மழை வலுத்தது. அழைப்புகள் ஏறின. நாலாவது சர்வர் எழுந்தது. அதிலும் முதல் ஆளாக நெகேசா. ஐந்தாவதிலும். வந்த நெகேசாக்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த கர்ப்பிணிகளுக்கோ உடனுக்குடன் வண்டி கிளம்பியது. நெகேசாவின் இருப்பிடம் மட்டும் நகர்ந்துகொண்டே வந்தது: கிபெரா. ங்கோங் சாலை. இந்தத் தெரு.

திரையில் அடுத்த வரி: "நானே வந்துடறேன் அக்கா."

படிக்கட்டில் ஈரக்கால்கள். ஒரு ஜோடி அல்ல.

நபுலா திரைப் பக்கம் திரும்பினாள். அந்த அழைப்பை அழிக்க ஒரு பொத்தான் போதும். திரையோரத்தில் சிவப்பு: முப்பது கர்ப்பிணிகள் வரிசையில். சர்வர்கள் போதாது.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒருத்தி. தெரிந்துதான் சர்வர்களின் எண்ணிக்கையை மாற்றினாள். பத்து.

"வாடி," என்றாள், கதவைப் பார்த்து. "எத்தனை பேரா வேணும்னாலும் வா. இனி ஒருத்தியையும் காக்க வைக்கமாட்டேன்."

அழுத்தினாள்.

வரிசை கரைந்தது. முப்பது. பன்னிரண்டு. ஒன்றுமில்லை.

காலடி நின்றது.

விளக்கு அணைந்தது. திரையின் வெளிச்சம் மட்டும்.

கண்ணாடிக் கதவில் வயிறுகள் வந்து ஒட்டின. ஈரமாய். பத்து.

உள்ளிருந்து ஏதோ உதைத்தது. பத்திலும். ஒரே நேரத்தில்.