வைகை அணை உடைந்த மதியம்

எழுமலையிலிருந்து அவனியாபுரத்துக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகியும் ஆன்சிக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் யாரும் அவளிடம் சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேர்ந்து சாப்பிட ஆள் இருந்தது.

ஆன்சி சன்னலோரம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி ஜெபிப்பாள். அவளைக் கவனித்த ஒரே ஆள் அழகுபாண்டிதான். அதுவும் கேலி செய்வதற்கு.

"சோறு ஆறிப்போச்சு புள்ள. உங்க சாமிக்கு இன்னும் காது கேக்கலையா?"

வகுப்பே சிரிக்கும். மறுநாளும் ஆன்சி கண்ணை மூடத்தான் செய்வாள். கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிடுவாள், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், வெளியே தூறல். தமிழ்வாணி பந்தோடு வந்து நின்றாள்.

"எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது. வாரியா?"

ஆன்சி பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினாள்.

மற்றவர்கள் தூறலை வேடிக்கை பார்க்க வராந்தாவுக்குப் போய்விட, ஐந்து பெண்கள் மட்டும் வகுப்பறைக்குள்ளேயே எறிபந்து விளையாடினார்கள். ஆன்சி இரண்டு முறை பந்தைப் பிடித்தாள். "சூப்பர்" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது முறை தமிழ்வாணி வேகமாக எறிந்தாள். பந்து ஆன்சியின் விரல்களில் பட்டு நழுவி, டீச்சர் மேசைமேல் விழுந்தது.

அங்கே வைகை அணை இருந்தது. சனிக்கிழமை கண்காட்சிக்காக வகுப்பே ஒரு வாரமாகக் களிமண்ணில் செய்த அணை. அது இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அழகுபாண்டின்னு சொல்லிருவோம்" என்று தமிழ்வாணி மெதுவாகச் சொன்னாள். "அவன்தான் எப்பவும் எதையாச்சும் ஒடைப்பான். டீச்சர் நம்பிருவாங்க." பிறகு ஆன்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் எங்க கூடத்தானே?"

'எங்க கூட.' இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் ஆன்சி இரண்டு மாதமாகக் காத்திருந்தாள்.

மணி அடித்தது. தமிழ்வாணி பிடித்த கையை விடாமல் ஆன்சியைத் தன் பெஞ்சிலேயே உட்காரவைத்துக்கொண்டாள். தங்கம் டீச்சர் உள்ளே வந்தார். அணையைப் பார்த்தார். தமிழ்வாணி சொன்னாள். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

"நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன் டீச்சர்" என்றான் அழகுபாண்டி.

"போன மாசம் சன்னலை ஒடைச்சப்பவும் தண்ணி குடிக்கத்தான் போயிருந்த. கண்காட்சியில நீ நிக்க வேணாம்."

அணையின் மதகுகள் ஏழையும் தீக்குச்சியால் செய்தவன் அழகுபாண்டி. அவன் முகத்தில் கேலி இல்லை. உடைந்து கிடந்த மதகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறர்மேல் பொய்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளை ஆன்சிக்குத் தெரியும். எழுமலையில் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறாள். ஒப்பிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது.

தமிழ்வாணியின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"அவன் இல்ல டீச்சர். பந்தை நான்தான் விட்டுட்டேன். அது விழுந்துதான் ஒடைஞ்சது."

"தனியாவா பந்து விளையாடுன? கூட யாரு?"

"நான் செஞ்சத நான் சொல்லிட்டேன் டீச்சர். அவங்க செஞ்சத அவங்க சொல்லட்டும்."

யாரும் எழவில்லை. தமிழ்வாணி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"சரி. சாயங்காலம் இருந்து சரிபண்ணிட்டுப் போ" என்றார் டீச்சர்.

பள்ளி விட்டதும் எல்லோரும் போய்விட்டார்கள். ஆன்சி தனியாகக் களிமண் பிசைந்தாள். கண்ணீர் வந்தது. துடைத்தால் முகமெல்லாம் மண்ணாகும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"எதுக்கு வம்பா மாட்டிக்கிட்ட?"

வாசலில் அழகுபாண்டி நின்றான். "நான் ஒன்னைய அம்புட்டு கேலி பண்ணியிருக்கேன்ல?"

"பொய்சாட்சி சொல்லக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு."

"கேலி பண்றவனுக்கு எதிராவும் சொல்லக் கூடாதா?"

"யாரு மேலயும்தான். ஒன்னைய மட்டும் தனியா விட்டு எழுதலையே."

அழகுபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை இறக்கி வைத்துவிட்டு, பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, மதகு செய்ய உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் நடந்து வரும் சத்தம் கேட்டது. தமிழ்வாணி. கண்கள் சிவந்திருந்தன.

"எறிஞ்சது நான்தான்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். மற்ற மூன்று பேரும் வரவில்லை. அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தமிழ்வாணி அழகுபாண்டியைப் பார்த்தாள். "தப்புத்தான்" என்றாள். அவன் ஒரு பிடி களிமண்ணை அவளிடம் நீட்டினான்.

பொழுது சாய்வதற்குள் அணை எழும்பிவிட்டது. கொஞ்சம் கோணல்தான். அழகுபாண்டி மதகுகளை மூடி, குவளையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

தண்ணீர் நின்றது.