வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வீட்டில் ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை என்பது அவளுக்குக் குளியலறையில்தான் தெரிந்தது. வேலை முடிந்து வந்த கசகசப்போடு கதவைச் சாத்திவிட்டுப் பழக்கத்தில் கையை மேலே கொண்டுபோனாள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆணி ஓட்டைகள்தான் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மற்ற கதவுகளையும் பார்த்தாள். வாசல் கதவு, சமையலறை, கொல்லைப்பக்கம், மகனுடைய அறை, எல்லாமே மொட்டையாக நின்றன.

அவளோடு தங்கியிருந்த தம்பியைக் கேட்டாள். போர்க்காலம், குண்டு விழுந்தால் சுவர் அசையும், தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று தயாராக வைத்திருந்ததைப் போலப் பதில் சொன்னான். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் துணி அலமாரியின் சின்னக் கொக்கியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

"அலமாரிக்குள்ள யாருடா தூங்கப் போறா?" என்று கேலி பண்ணினாள்.

அவன் சிரிக்கவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேருக்குத்தான் தம்பி. அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சரக்குக் கப்பலில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக அவன் உயர்ந்தபோது, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பிறகு போர் வந்தது. வளர்ந்த ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். கப்பலுக்கு ஆள் பிடித்து வரும்படி கம்பெனி அவனிடம் சொல்ல, மீசை அரும்பாத ஐந்து பையன்களை அவன் இதே தெருவிலிருந்து திரட்டினான். அதில் ஒருவன் அவள் மகன். காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருப்பான் என்று தெருவே அவனைக் குச்சி என்றுதான் கூப்பிடும். புருஷன் இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளை. முடியவே முடியாது என்றாள். தம்பி அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான்.

"நான் இருக்கேன்ல அக்கா. என்னைத் தாண்டித்தான் அவன்கிட்ட எதுவும் வரணும்."

தாய்மாமனே அப்படிச் சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்? அனுப்பி வைத்தாள்.

எதிரி தாக்கியதில் கப்பல் மூழ்கியது. தம்பி வந்தான், பையன்கள் வரவில்லை. நடந்ததை அவன் ஐந்து வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னான். கண் மூடித் திறப்பதற்குள் கப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது, பிள்ளைகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், வலிகூடத் தெரிந்திருக்காது என்றான். சொல்லும்போது அவனும் அழுதான். தெருவில் இருந்த தாய்மார்கள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தூக்கத்திலேயே போய்விட்டான் என்ற அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். அதுவும் இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ கிணற்றைத் தேடிப் போயிருப்பாள்.

தாழ்ப்பாள் போன அந்த வாரத்தில்தான் தட்டும் சத்தம் தொடங்கியது.

முதலில் கேட்டபோது வெளிச்சம் மங்கும் நேரம். எதிரி விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். துணியில் ஏறியிருந்த மண்ணெண்ணெய் வாடையும், அடுப்பில் அணைந்த கரியின் புகையும், தெருக்கோடியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த நேரத்தில், மகன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில், உள்ளங்கையால் தட்டுவது போல மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு இடைவெளி. பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறவர்கள் விடும் இடைவெளி அது. மறுபடியும் தட்டல்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். காலிக் கட்டில், சுருட்டி வைத்த பாய், கொடியில் அவன் பழைய சட்டை. ஆனால் அறைக்குள் நனைந்த கம்பளியும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு வீச்சம் இருந்தது. கதவின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். மரம் ஊறிப்போய், பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது.

தம்பியிடம் சொன்னதற்கு எலி என்றான். எலி கையால் தட்டுமா என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். எந்தக் கதவும் திறக்க முடியாமல் போய்விடக்கூடாது என்று தாழ்ப்பாள்களைக் கழற்றியவன், அந்த ஒரு கதவை மட்டும் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்காரத் தொடங்கினான். கடலில் கண்டதெல்லாம் மனதில் நின்று ஆட்டுகிறது, பாவம் என்று அவள் அவனுக்காகவும் இரக்கப்பட்டாள். பிற்பாடு அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

அவள் வேலை பார்த்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில். கப்பலாட்கள் தண்ணீரில் மிதப்பதற்காக மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டைகளை அங்கே தைப்பார்கள். முரட்டுக் கித்தானில் பை பையாகத் தைத்து, தக்கைக் கட்டைகளைச் செருகி, வாயைத் தைத்து மூட வேண்டும். ஊசி இறங்காத கித்தான், கட்டை விரல் காய்த்துப்போகும். மகன் கப்பலுக்குப் போகுமுன் அவனுக்கென்று ஒன்று தைத்து, ஒல்லி உடம்புக்கு நழுவாமல் இருக்க இரண்டு நாடா கூடுதலாக வைத்துக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் வேலை விட்டு வெளியே வந்தபோது, கொட்டகை வாசலில் இரண்டு கையிலும் கட்டுப் போட்ட ஒருவர் அவளுக்காகக் காத்திருந்தார். அதே கப்பலின் சமையல்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே விட்டிருந்தார்கள். குச்சியின் அம்மாவைப் பார்த்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவர். பாவி மனிதர், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேசிவிட்டார்.

பையன்களில் ஒருத்தன் ஒரு சாயங்காலம் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தானாம். உள்விளக்கின் வெளிச்சம் கடல்மேல் விழுந்துவிட்டது. எதிரிக் கப்பல் பார்த்திருந்தால் அத்தனை பேரும் காலி என்று கேப்டன் மேஸ்திரியைக் கண்டபடி திட்டினார். அன்றைக்கே மேஸ்திரி பையன்கள் அறைக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் வைத்தான். பொழுது சாய்ந்ததும் தானே அதைப் போட்டு, விடிந்ததும் தானே திறந்துவிடுவான். மிதவைச் சட்டைகள்கூட அறைக்கு வெளியே, நடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

கப்பல் சட்டென்று உடைந்துவிட்டதே, தம்பி அப்படித்தானே சொன்னான் என்று கேட்டாள். சமையல்காரர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"உடையலைம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாஞ்சது. நாங்க படகை நிதானமா இறக்கினோம். கீழே பசங்க தட்டுற சத்தம் கேட்டது. மேஸ்திரி ஓடினான். திரும்பி வந்து, திறந்து விட்டாச்சு, அந்தப் பக்கப் படகுல ஏறிட்டாங்கன்னு சொன்னான். அந்தப் பக்கம் படகே இறங்கலைன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது."

பிறகு என்ன பேசினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. நடந்தாள். விளக்கெல்லாம் அணைத்துக் கிடந்த தெருவில், தெரிந்த வாசற்படிகளைக் காலால் தடவிக்கொண்டு, உப்புக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க நடந்தாள். தூக்கத்தில் போகவில்லை. வலி தெரியாமல் போகவில்லை. தட்டியிருக்கிறான். பதில் வருகிறதா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறான். அவள் இடுப்பில் சுமந்த ஒருவன், அவள் வயிற்றில் சுமந்தவனைக் கைவிட்டுவிட்டு, அவள் அடுப்பிலேயே பொங்கித் தின்றுகொண்டு, அவளிடமே அழுதும் காட்டியிருக்கிறான். இத்தனை வருஷ வாழ்க்கையில் யாரையும் கொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது.

வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது. தம்பி மகன் அறைக் கதவில் சாய்ந்து, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். வீடு முழுக்க அந்த வீச்சம். கம்பளி. எண்ணெய். உப்பு.

"சமையல்காரர் வந்திருந்தார்" என்றாள்.

அவன் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. பூசி மெழுகாமல் சொன்னான். கீழே போனானாம். நடையில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். விளக்கு அணைந்துவிட்டது. தாழ்ப்பாள் பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் போதும். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஒரு முனகு முனகியதாம். அவ்வளவுதான், கால் தானாக மேலே ஏறிவிட்டதாம்.

"கால் தானா ஏறிடுச்சா?"

"பயந்துட்டேன் அக்கா."

அப்போது கதவு தட்டப்பட்டது.

அவன் முதுகுக்கு நேர் பின்னால். மெத்தென்று. அதன் பிறகு இன்னொரு கை, கொஞ்சம் கீழே. இன்னொன்று. பல கைகள். ஒன்றும் ஆத்திரமாகத் தட்டவில்லை. வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் தட்டுவது மாதிரித்தான் இருந்தது.

"மாமா." ஒரு குரல், ரொம்பத் தூரத்திலிருந்து. "மாமா, இனிமே சிகரெட் பிடிக்க மாட்டோம் மாமா. சத்தியமா."

அது குச்சியின் குரல். மாமா தண்டனை கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்னும். இத்தனை நாளாக. மாமா கோபம் தீர்ந்து வருவார் என்று, இருட்டில், அந்த ஐந்து பேரும்.

"நகருடா" என்றாள்.

"திறக்காதே அக்கா. உள்ள முழுக்கத் தண்ணி. திறந்தா நாம ரெண்டு பேரும் போயிடுவோம்."

"அன்னைக்கும் இப்படித்தான் கணக்குப் போட்டியா?"

அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவள் குனிந்து, அவன் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தாள். முரட்டுக் கித்தான் தைத்துத் தைத்து இறுகிய கை. இழுத்தாள். அவன் குதிகால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. ஒரு கையில் அவன். மறு கையில் கதவின் பிடி. பிடி சில்லிட்டிருந்தது.

திறந்தாள்.

தண்ணீர் கொட்டவில்லை.

நிலைப்படியோடு நின்றது. மேலிருந்து கீழ்வரை, நிமிர்ந்து, சுவர் எழுப்பியது போல. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. உள்ளே எங்கோ ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பச்சை வெளிச்சம் கூடத்துச் சுவரில், கூரையில், அவள் கையில் அலைந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் அவர்கள். தூங்கும்போது போட்டிருந்த பனியன். மேலெழும்பி ஆடும் தலைமயிர். தட்டித் தட்டித் தோல் வெளுத்த உள்ளங்கைகள்.

முன்னால் குச்சி நின்றான்.

"அம்மாடா" என்றாள். "கண்ணா, அம்மா வந்துட்டேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் பிடியில் இருந்தவனைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. கடைசியில் வந்துவிட்டார் என்கிற சந்தோஷம், வேறொன்றும் இல்லை. ஒரு துளி கோபம் இல்லை. தண்ணீரிலிருந்து ஒரு மெல்லிய கை வெளியே வந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

தம்பி அலறினான். அக்கா, அக்கா, அக்கா.

அவள் நினைத்திருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம். அவள் கைக்கு அவ்வளவு பலம் உண்டு.

விரல்களை விரித்துவிட்டாள்.

அவன் உள்ளே போனான். சத்தம் நின்றது. பையன்கள் அவனைச் சுற்றி நெருங்கினார்கள். தோளில் ஒருவன், கழுத்தில் ஒருவன். அவன் இந்தப் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, தண்ணீரின் முகத்தை இரண்டு கையாலும் அறைந்தான். உள்ளங்கை தெரிந்தது. ஓசை வந்தது. மெத்தென்று.

அவள் நகரவில்லை. மகனை இன்னொரு தடவை கூப்பிட்டாள். அவன் மாமாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

தெருவில் பூட்ஸ் சத்தம். திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே நின்றது. விளக்கணைப்பு நேரத்தில் ரோந்து வரும் காவலாள்.

"யாரும்மா உள்ள? தெரு வரைக்கும் வெளிச்சம் அடிக்குது. கதவைச் சாத்துங்க."

கதவின் விளிம்பிலிருந்து அவள் கை இன்னும் இறங்கவில்லை.

"காதுல விழலையா? சாத்துங்கம்மா, சீக்கிரம்."

தண்ணீருக்குள் குச்சி தலையை நிமிர்த்தினான். மற்றவர்களும். மெதுவாக, ஒவ்வொருவராக, இந்தப் பக்கம் திரும்பினார்கள். முதல்முறையாக அவன் அவளைப் பார்த்தான். முகத்தை அல்ல. கதவைப் பிடித்திருந்த அவள் கையை.