நேரில் மட்டும் தோற்ற கடிகாரக்காரர்

காலை 10.20. காவல் நிலையத்துக்குள் நுழைந்த கடிகாரக்காரரின் தோள் கதவு நிலையில் இடித்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்து, ஆய்வாளர் அம்மாள் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார்.

“போக்கர் சீட்டாட்ட மன்றத்துல என்னை ஏமாத்துறாங்கம்மா. சீட்டு போடுற பொண்ணுதான். ஏழு மாசமா என் சேமிப்பு கரையுது.”

“ஆதாரம்?”

“இது போன்ல ஆன்லைன்ல ஆடுறது. முப்பதாயிரம் ஆட்டம். நூறு ஆட்டத்துக்கு நாலு பந்தயம் லாபம். இது நேர்ல ஆடுறது. நூறுக்குப் பதினோரு பந்தயம் நஷ்டம்.”

“நேர்ல எத்தனை ஆட்டம்?”

“ரெண்டாயிரம்.”

“கம்மி. அதிர்ஷ்டம் சரியில்லாம இருக்கலாம்.”

“இருக்கலாம். ஆனா மன்றத்துக்கு வர்றவங்க பொழுதுபோக்கா ஆடுறவங்க. ஆன்லைன்லதான் கில்லாடிங்க. அவங்களை ஜெயிக்கிறவன் இவங்ககிட்ட எப்படித் தோப்பேன்? போன வருசம்வரைக்கும் நேர்லதான் அதிகம் ஜெயிச்சேன்.”

கேள்வி நியாயமானது. கான்ஸ்டபிள் கடிகாரக்காரரின் வலது கையோரம் வைத்த தேநீர் ஆடை கட்டியது. புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஒரு வாய் தேநீர்கூடக் கிடையாதாம்மா?” என்று சிரித்தார்.

பகல் 12.40. மன்றம் அதற்குள் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தது. அழுது முடித்த முகத்தோடு ஆய்வாளர் முன்னால் நின்றாள்.

“அவர்மேல உனக்குக் கோபம் உண்டா?”

“இல்ல மேடம். நல்ல மனுசர். முன்னல்லாம் கூர்மையா ஆடுவாரு. இப்ப முறை தப்பி பந்தயக் காயினைத் தள்ளிடுறாரு. சொன்னா சள்ளுனு விழுறாரு.”

“யார்கிட்ட தோக்கறாரு?”

அவள் யோசித்தாள். “ரெண்டு ஓரத்துலயும் உக்காந்திருக்கறவங்ககிட்ட. நேர் எதிர்ல இருக்கறவர்கிட்ட தோத்து நான் பாத்ததில்ல.”

மாலை 4.15. ஆய்வாளர் கேமராப் பதிவுகளைப் பார்த்தார். பெண்ணின் விரல்களில் தப்பில்லை. பிறகு கடிகாரக்காரரை மட்டும் கவனித்தார். எதிரில் இருப்பவர் தயங்கியதும், அவர் ஒருவரே மிச்சம் என்று நினைத்து, மிரட்டி விலக்க, கையில் ஒன்றும் இல்லாமலே பெரிய பந்தயம் வைக்கிறார். ஓரத்தில் ஒருவர் நல்ல சீட்டோடு காத்திருக்கிறார். ஒரு தடவை அல்ல, முப்பத்தோரு தடவை.

மறுநாள் காலை 9.00.

“என் மூக்கையே பாருங்க. எத்தனை விரல்?” ஆய்வாளர் கைகளை இரு பக்கமும் விரித்தார்.

“விரலைக் காட்டினாத்தானேம்மா சொல்ல முடியும்.”

“ரெண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கடிகாரக்காரர் முகம் வெளுத்தது. “கடிகாரத்துல தலைமுடியைவிட மெல்லிசான சுருளை மாட்டுறவன் நான்.”

“அது நடுவுல இருக்கு. போன் திரையும் உள்ளங்கை அளவுதான். அதனால அங்க ஜெயிக்கிறீங்க. மேசை அகலமானது, ஓரத்துல இருக்கற ஆள் உங்களுக்குத் தெரியல. கதவு நிலையும் தெரியல, பக்கத்துல வச்ச தேநீரும் தெரியல. உங்களைத் தோக்கடிச்சது உங்க கண்ணு, அந்தப் பொண்ணு இல்ல. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.”

டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்தார். கண் நரம்புகளை மூளைக்கு அடியிலிருந்து ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. புற்று இல்லை. ஆனால் இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பார்வை மொத்தமும் போயிருக்கும் என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாவது வாரம், ஒரு மதியம், அவர் மன்றத்துக்குப் போனார். அந்தப் பெண் மறுபடி வேலையில் இருந்தாள். ஆட்டம் ஓய்ந்த மேசையில் தனியாக சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கண்ணே.”

அவர் உட்காரவில்லை. “உன்மேல பொய்ப் பழி போட்டேன். அந்தப் பழியாலதான் இன்னைக்கு உன் முகம் எனக்குத் தெரியுது. கஷ்டப்பட்டது நீ, பொழச்சது நான். இதை எப்படித் தீர்க்கறதுன்னு தெரியலம்மா.”

அவள் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு மேடம் உங்களைப் பத்திக் கேட்டப்ப, நல்ல மனுசர்னு சொன்னேன். வெளியில வந்ததும், ஏன்டா அப்படிச் சொன்னோம்னு இருந்துச்சு. இப்ப, சொன்னதே சரின்னு இருக்கு.”

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அவள் பதறி எழுந்து, அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.