மெய்ப்பட்டை

எபனேசரின் மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“பிரேக் சீல் தேஞ்சிருக்கலாம். இல்ல, குழாய்க்குள்ள காத்து ஏறியிருக்கலாம். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும் தங்கச்சி. ரெண்டு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும். ஓட்டாதீங்க” என்றார் அவர்.

சண்முகக்கனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் இப்போது யாரும் மெக்கானிக்கின் முகத்தைப் பார்ப்பதில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டுகிறார்கள், இல்லாத கோளாறைச் சொல்கிறார்கள் என்று புகார்கள் குவிந்த பிறகு, பட்டறைக்காரர்கள் எல்லோரும் மெய்ப்பட்டை கட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் நரம்பின் அதிர்வையும் அந்தப் பட்டை அளக்கும். சொல்பவன் தன் சொல்லை முழுதாக நம்பினால் பச்சை எரியும். ஐயம் இருந்தால் மஞ்சள். பொய் என்றால் சிவப்பு.

“உங்களுக்கே நிச்சயமில்லையே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

பொன்னுத்துரையின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். பிரேக் பிடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான், எண்ணெய் ஊற்றினான். “குறையே இல்லக்கா. தாராளமா ஓட்டுங்க” என்றான். பச்சை பளிச்சென்று எரிந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. குறையே இல்லை என்று உண்மையாகவே நம்பினான். சீல் தேய்ந்தால் பிடி எப்படி நடந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வண்டியை வாசலுக்கு இறக்கும்போது சண்முகக்கனி பிடியை அழுத்தினாள். விரலுக்கடியில் அது ஒரு நொடி பஞ்சுபோல் இறங்கி, பிறகு இறுகியது. மறுபடி அழுத்தினாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிய கணவன் குமரேசன், “எபனேசர் அண்ணன்ட்டயே விட்டிருக்கலாம்லா? பத்து வருசமா அவர்தான பாக்காரு” என்றான்.

“பச்சை எரிஞ்சுதுங்க. பயப்படாம எடுத்துட்டுப் போங்க.”

துறைமுகச் சாலைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. குமரேசன் அழுத்திய பிரேக் பிடி ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது; வண்டி நிற்கவில்லை. லாரியின் பின்சக்கரம் அவன் இடுப்பில் ஏறி நின்றது. நினைவு தப்பாமலே நாற்பது நிமிடம் கிடந்து செத்தான்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. முதலில் எபனேசர் வந்தார். “சீல் போயிருக்கும்னு தோணிச்சு. உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். மஞ்சள். மஞ்சள் சாட்சியம் பதிவில் ஏறாது என்று சொல்லி அதிகாரி அவரை அனுப்பிவிட்டார்.

பொன்னுத்துரை அழுதான். “என் மனசறிய நான் தப்புப் பண்ணல சார். வண்டி நல்லாத்தான் இருந்துச்சு.” பச்சை.

அடுத்து சண்முகக்கனியின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்கள். ரப்பர் குளிர்ந்திருந்தது.

“அன்னைக்குக் காலையில பிரேக்குல ஏதும் குறை தெரிஞ்சுதாம்மா?”

“இல்ல சார்.”

சிவப்பு.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார்: குறை தெரிந்தே வண்டி கொடுக்கப்பட்டது. பட்டறைமீது பிழை இல்லை.

“ஒரு நொடிதான் சார். கையில ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா பச்சை எரிஞ்சுதே, என் கைதான் தப்புன்னு நெனச்சேன்” என்றாள் அவள். இதற்குப் பட்டை பச்சையாக எரிந்தது. அதற்குள் அதிகாரி கோப்பை மூடியிருந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியார் இசக்கியம்மாள் எழுந்து வந்தாள். மகன் போன நாளிலிருந்து இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி முதுகைத் தடவிவிடுவாள்.

“என் பிள்ளைய நீதான் கொன்னியா?” என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

“இல்லத்தே” என்றாள் சண்முகக்கனி. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி அது.

மருமகளின் முகத்தில் கண்ணீர் வழிந்தது. இசக்கியம்மாள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.