சுப்புராயனின் அதட்டல்

ரிப்பேர் ஆகி வந்த ஆம்ப்ளிஃபயர் செட், "எவன்டா" என்றதும் அணைந்துபோனது. "அது" வரவில்லை.

அமிர்தம் மறுபடி பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழன்று, புதிதாக ஈயம் வைத்த வாசனையை முகத்தில் ஊதியது. செத்து ஒரு வருஷமான அவள் கணவர் சுப்புராயன், மரவள்ளிக் காட்டின் கோடியிலிருந்த கூம்பு ஸ்பீக்கரில் "எவன்டா" என்றார். டக். விளக்கு போயிற்று.

"எவன்டா அது?" காட்டுப்பன்றி விரட்ட அவரே பேசிப் பதிந்த அதட்டல். மகன் பாட்டுக் கேட்க வாங்கிப்போட்ட செட்டில் பென்டிரைவைச் செருகிவிட்டால், நிமிஷத்துக்கு ஒரு தடவை காட்டை அதட்டும். பன்றி ஒரு சாக்கு. இந்த வருஷம் ஒன்றுகூட மலையிறங்கவில்லை. மகன் ஓசூரில் இருந்தான். அடுத்த வீடு அரை மைல். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் வேறு மனுஷக் குரல் கிடையாது. செட் ரிப்பேருக்குப் போய்க் கள்ளக்குறிச்சியில் கிடந்த ஒன்பது நாளும் அவள் உலை வைக்கவில்லை.

கடைக்குப் போன் போட்டாள்.

"இன்னா கொளஞ்சி ரிப்பேர் பண்ண? பேச ஆரமிச்சாலே வாய மூடிக்குது."

"கடையில மூணு மணி நேரம் பாடுச்சேக்கா." மெக்கானிக் கொளஞ்சியப்பன் எதையோ மென்றுகொண்டிருந்தான். "மாமா உசுரோட இருக்கச்சே பேசவுட்டீங்களா? இப்ப மட்டும் பேசணுமா?"

"வாயக் கழுவுடா."

"செரி, காட்டுக்குப் போற ஒயரக் கழட்டிட்டு செட்டப் போடுங்க."

கழற்றிவிட்டுப் போட்டாள். விளக்கு நின்று எரிந்தது.

"அணையல."

"அப்ப செட்டு மேல தப்பில்ல. ஒயர்ல எங்கியோ ரெண்டு கம்பியும் தொட்டுக்கினு கீது. அதான் தானா ஆஃப் ஆயிக்குது. காலையில ஒயரப் புடிச்சிக்கினே போயிப் பாருங்க."

காலை வரை வீடு வாயில்லாமல் கிடக்கும். "இன்னும் வெளிச்சம் கீது. இப்பவே பாக்கறேன்" என்றாள்.

ஒயரைக் கைக்குள் ஓடவிட்டபடி வரப்பில் நடந்தாள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரவள்ளி இரண்டு பக்கமும் இலை விரித்து நிற்க, ஈர மண்ணின் வாடையும் கசங்கிய இலையின் வாடையும் மூக்கில் ஏற, கல்வராயன் மலை மேகத்துக்குள் போய்விட்டிருக்க, தவளைகூடக் கத்தாத அந்தப் பொழுதில், அவள் முந்தானை இலையில் உரசும் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது. நின்றாள். அதுவும் நின்றது. அரைக் கணம் தள்ளி.

பாதி வழியில் கையில் ஏதோ இடறியது. எலி கடித்ததில்லை. மேலுறையைச் சீவி, இரண்டு கம்பியையும் சேர்த்து யாரோ நெருக்கி முறுக்கியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள், இறுகியது. எதிர்ப்பக்கம் திருப்பியதும் இளகியது.

சுப்புராயன் இடதுகைக்காரர். கயிறோ கம்பியோ, ஊரே வலமாக முறுக்குவதை அவர் இடமாக முறுக்குவார். எப்போதோ செய்தது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரு வருஷ மழையில் நனைந்த செம்பு பச்சை பூத்திருக்கும். இது மின்னியது.

தன் குரலை அவரே எதற்கு அடைப்பார்?

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்த ஒன்பது நாளை நினைத்தாள். கம்பிகளைப் பிரித்துத் தனித்தனியாக டேப் சுற்றினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, ஒயரை மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

"எவன்டா அது?"

முழுசாக வந்தது. உலை வைத்தாள். இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு, பாதியைத் திரும்பக் கொட்டினாள்.

"எவன்டா அது?"

காட்டின் கோடியில், மோட்டார் கொட்டாய்ப் பக்கம், ஒரு குரல் பதில் சொன்னது.

மலையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தாள். எதிரொலியானால் கேள்விதான் திரும்பி வரும். இது கேள்வி இல்லை.

அடுத்த அதட்டலுக்குப் பதில் காட்டின் நடுவிலிருந்து வந்தது. ஜன்னலில் பார்த்தாள். காற்றில்லை. ஒரே ஒரு வரிசையில் மட்டும் இலைகள் அசைந்தன. கோடு பிடித்தாற்போல. வீட்டைப் பார்த்து.

பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"எவன்டா அது?"

பிளக்கைப் பிடுங்கினாள். அதட்டல் மறுபடி வந்தது. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே போன் போட்டாள்.

"கொளஞ்சி, செட்டு ஆஃப் ஆவ மாட்டேங்குது."

"இன்னாக்கா, அணையுதுன்னீங்க, இப்ப அணையலங்கறீங்க?" சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, உள்ள கீறீங்களா, வெளிய கீறீங்களா? ஒங்க கொரலு ரெண்டா கேக்குது."

"இன்னாடா ஒளர்ற?"

"ஒண்ணு எங்கிட்ட பேசுது. இன்னொண்ணு மாமாகிட்ட பேசிக்கினு கீது."

லைன் போய்விட்டது.

வாசலில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. அமிர்தம் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"எவன்டா அது?"

காட்டிலிருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து. அவள் முதுகுக்குப் பின்னால்.

"நாந்தாங்க." கதவுக்கு வெளியே அமிர்தத்தின் குரல். அவள் இழுப்பு. அவள் இருமல். "இருட்டிப்போச்சி. தொறங்க."

கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

"தோ வந்துட்டேன் அமிர்தம்" என்றார் சுப்புராயன்.

பென்டிரைவில் அந்தப் பேச்சு இல்லை.

அவள் விரல்களுக்கு அடியில், இரும்பு மெல்ல நகர்ந்தது.